நீல வெளிச்சத்தின் அளவு

செருப்பை வெளியே விட வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் பைக்குள் போக வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்ட பிறகுதான் உள்கதவு திறக்கிறது. காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலைக்காக ஒளி சிகிச்சை எப்படித் தருகிறார்கள் என்று பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். படம் எடுக்கக் கூடாது, தொட்டிலைத் தொடக் கூடாது, யார் பெயரையும் எழுதக் கூடாது என்று சொல்லித்தான் விட்டார்கள்.

உள்ளே போனதும் வெக்கை முகத்தில் அடித்தது. அறையின் சூடு குழந்தைகளின் தேவைக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு வியர்க்கத்தான் செய்யும். கருவிகள் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருக்க, சன்னலோர வரிசையில் நான்கு தொட்டில்களின் மேல் மட்டும் அடர்ந்த நீல வெளிச்சம். வெளியே காத்திருக்கும் உறவினர்கள் இதைத்தான் "லைட்டு வச்சிருக்காங்க" என்கிறார்கள்.

முதல் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. 32 வாரத்தில் பிறந்தவள். எடை 1,460 கிராம். பிறந்து நான்காவது நாள். கண்ணை மறைத்துக் கறுப்புத் துணிப் பட்டை. இடுப்பில், மடித்துச் சின்னதாக்கிய ஒரு டயப்பர். மற்றபடி உடம்பு முழுக்கத் திறந்து கிடக்கிறது. வயிற்றில் ஒட்டிய வட்டத் தகடு ஒன்று அவளுடைய சூட்டை விடாமல் கணக்கெடுக்கிறது. நீல ஒளியில் அவளுடைய உண்மையான நிறம் தெரியவேயில்லை.

"இப்பப் பாருங்க மேடம்" என்று செவிலியர் விளக்கை அணைத்தார். ஆள்காட்டி விரலால் குழந்தையின் மார்பை மெல்ல அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் ரத்தம் விலகி, அடியில் இருந்த மஞ்சள் ஒரு கணம் தெரிந்தது. காமாலை பெரும்பாலும் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும்; மார்பு, வயிறு, தொடை என்று போய், உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளித்தால் அளவு மிகவும் ஏறிவிட்டது என்று பொருள். "ஆனா லைட்டு வச்சதுக்கு அப்புறம் தோலைப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது. தோலு வெளுத்துடும், ரத்தத்துல இருக்கும்" என்றார் அவர். மாநிறக் குழந்தைகளிடம் விளக்கு வைக்கும் முன்பும் கண்ணை நம்ப முடியாது. ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்பு.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஏன் இது இவ்வளவு அதிகமாக வருகிறது? நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் காமாலை தென்படுகிறது. சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது அவற்றில் உள்ள ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. பெரியவர்களின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். குறைமாதக் குழந்தையின் சிவப்பணுவுக்கு அதில் பாதி ஆயுள்கூட இல்லை. கழிவு வேகமாகச் சேர்கிறது. அதை நீரில் கரையும்படி மாற்றி பித்தத்தோடு வெளியேற்ற வேண்டியது கல்லீரல். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கே அந்த மாற்றத்தைச் செய்யும் கல்லீரல் நொதியின் வேலைத்திறன் பெரியவர்களுடையதில் நூறில் ஒரு பங்குதான். முந்திப் பிறந்தவர்களுக்கு அதுவும் முழுதாக அமையவில்லை. கருப்பையில் இருந்தவரை இந்தக் கழிவை நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் கல்லீரல் பார்த்துக்கொண்டது. தொப்புள்கொடியை வெட்டிய நிமிடத்திலிருந்து எல்லாம் குழந்தையின் பொறுப்பு.

குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கும் நேரம் வந்தது. எடுத்து முடிக்கும் வரை நீல விளக்கு அணைந்தே இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறியதும், அதைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சிறு சுழல் கருவி சிவப்பணுவையும் நீர்ப்பகுதியையும் பிரிக்கிறது. மேலே நின்ற நீர்ப்பகுதி நல்ல மஞ்சள். அளவுக் கருவி 11.2 மில்லிகிராம் என்று காட்டியது. நூறு மில்லி ரத்த நீரில் உள்ள அளவு அது.

கறுப்புத் தாள் எதற்கு என்று கேட்டேன். "வெளிச்சம் பட்டா குழாய்க்குள்ளேயே பிலிருபின் குறைஞ்சுடும். இருக்கிறதைவிடக் கம்மியா காட்டும்" என்றார் குழந்தைகள் நல மருத்துவர். இந்த எச்சரிக்கையும் இந்தச் சிகிச்சையும் ஒரே இடத்தில் பிறந்தவை.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ராச்போர்டு என்ற ஊர்ப் பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்தவர் ஜீன் வார்டு என்ற செவிலியர். வெயில் நன்றாக இருக்கும் நாட்களில் குழந்தைகளைத் தொட்டிலோடு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். நல்ல காற்றும் வெளிச்சமும் பட்டால் தேறுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1956இல் ஒருநாள், பார்வையிட வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் தணிந்திருக்க, ஒரு முக்கோண இடம் மட்டும் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. ஏதாவது மருந்து தடவினீர்களா என்று கேட்டார் அவர்களில் ஒருவரான டாப்ஸ். இல்லை, துணியின் மூலை மூடியிருந்த இடம் அது என்றார் வார்டு. அதே காலத்தில் அங்குள்ள ஆய்வகத்தில், சன்னல் வெயிலில் இருந்துவிட்ட ஒரு ரத்த மாதிரியில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என்ற மூவரும் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்து, நீலக் குழல் விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் பொருத்திச் சோதித்தார்கள். 1958இல் 'லான்செட்' இதழில் அது கட்டுரையாக வந்தது. அதன் பிறகும் அமெரிக்க மருத்துவர்கள் தயங்கினார்கள்; 1968இல் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜெரால்ட் லூசியின் குழு குறைமாதக் குழந்தைகளிடம் முறைப்படி ஒப்பிட்டுச் செய்த ஆய்வு வந்த பிறகுதான் அங்கே இந்த விளக்கு பரவியது.

தன் பொறுப்பில் இருந்த பிள்ளையை ஒரு செவிலியர் உற்றுப் பார்த்ததில் தொடங்கிய சிகிச்சை இது. அந்தப் பார்வைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஒளி உடம்புக்குள் என்னதான் செய்கிறது? பிலிருபின் மூலக்கூறு உள்ளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தன்னைத்தானே மடக்கிக்கொண்டிருக்கிறது. நீரோடு சேரக்கூடிய பகுதிகள் மடிப்புக்குள் மறைந்துபோவதால் அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மூளைக்குள் புக முடிவதும் அதனால்தான். தோலிலும் தோலடி நுண்குழாய்களிலும் இருக்கும் பிலிருபின்மீது நீல ஒளி படும்போது, அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்கிறது. மடிப்பு விரிகிறது. நீரில் கரையும் வடிவமாகிறது. கல்லீரல் நொதியின் உதவி இல்லாமலே பித்தத்தில் இறங்குகிறது. இந்த மாற்றம் விரைவாக நடந்தாலும், பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக் கூடியது. லூமிருபின் என்ற இன்னொரு வடிவம் மெதுவாகத்தான் உண்டாகும், ஆனால் திரும்பாது. பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஒளி அதிகமாக, அதிக இடத்தில் பட்டால் லூமிருபின் அதிகம் உண்டாகும். டயப்பரை மடித்துச் சின்னதாக்கியதற்கும் தொட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியதற்கும் காரணம் இதுதான். மேலே இருந்து விழும் ஒளி வெள்ளையில் பட்டு விலாப்புறமும் சேரும்.

இந்த விளக்கின் ஒளியில் புற ஊதாக் கதிர் இல்லை. 460 முதல் 490 நானோமீட்டர் வரையான நீலம் மட்டுமே போதும். முன்பு குழல் விளக்குகள் இருந்தன. அவை சூடாகும், சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கிப்போகும். இப்போது இங்கே நான்கு தொட்டில்களிலும் எல்.ஈ.டி. நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.ஈ.டி. அதிகம் சூடு தருவதில்லை. அதனால் திறந்த உடம்போடு கிடக்கும் குறைமாதக் குழந்தை குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை செவிலியருக்குக் கூடுகிறது.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்க வந்திருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஒளி அளவுமானியை எடுத்து, குழந்தையின் தலை அருகே, வயிற்றருகே, கால் அருகே என்று பல இடங்களில் வைத்து எண்களைக் குறித்துக்கொண்டார். சராசரி 32 வந்தது. தீவிர ஒளி சிகிச்சைக்குக் குறைந்தது 30 வேண்டும்: ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில், ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்கு, 30 மைக்ரோவாட். விளக்கைச் சற்று உயர்த்திவிட்டு மறுபடி அளந்து காட்டினார். எண் சட்டென்று இறங்கியது. கண்ணுக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"இதை லைட்டுன்னு நினைக்கிறவரைக்கும் தப்பு நடக்கும்" என்றார் மருத்துவர். "மருந்துன்னு நினைச்சாதான் அளந்து கொடுப்போம். எவ்வளவு, எத்தனை மணி நேரம், எப்ப நிறுத்தணும், எல்லாம் மருந்துச் சீட்டுல எழுதணும்."

எப்போது தொடங்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. 28 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கு 5 அல்லது 6 மில்லிகிராமிலேயே விளக்கு வைத்துவிட வேண்டும். 30, 31 வாரம் என்றால் 8 முதல் 10. இந்தக் குழந்தையைப் போல 32, 33 வாரம் என்றால் 10 முதல் 12. 34 வாரத்துக்கு 12 முதல் 14. நிறைமாதக் குழந்தையிடம் கவலை தராத ஓர் எண், ஒரு கிலோக் குழந்தைக்கு ஆபத்தாக இருக்கலாம். அவர்களின் ரத்தத்தில் பிலிருபினைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதம் குறைவு. மூளையைக் காக்கும் தடுப்பும் இன்னும் பலப்படவில்லை. மூச்சுத் திணறல், கிருமித் தொற்று இருந்தால் வரம்பை இன்னும் கீழே இறக்கிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் முதல் நாளே வைத்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 501 முதல் 1,000 கிராம் வரை எடையுள்ள 1,974 குழந்தைகளிடம் அப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. முன்கூட்டியே தீவிரமாக ஒளி கொடுத்த பிரிவில் மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் குறைந்தன. ஆனால் 750 கிராமுக்கு உட்பட்ட மிகச் சிறிய குழந்தைகளிடையே அந்தப் பிரிவில் இறப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை என்றாலும், மெல்லிய தோலுள்ள குழந்தைக்கு ஒளியைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்ற கவனம் அதிலிருந்து வந்தது. மருந்து என்றால் அப்படித்தான். குறைந்தாலும் பயனில்லை, கூடினாலும் ஆகாது.

பதினொரு மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். முதல் தொட்டில் குழந்தையின் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அறுவை செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். "ஏம்மா, பால் பீய்ச்சினியா?" என்று செவிலியர் கேட்க, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். 20 மில்லி இருக்கும்.

"போதுமா சிஸ்டர்?"

"இதுதாம்மா மருந்து. லைட்டு பாதிதான் செய்யும், மீதியை உன் பால்தான் செய்யணும்."

ஆறுதலுக்குச் சொன்னதில்லை அது. ஒளி விரித்துவிட்ட பிலிருபின் பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. குடல் அசையாமல் கிடந்தால் அங்கிருந்தே மறுபடி ரத்தத்தில் ஏறிவிடும். பிறந்ததும் கறுப்பாகப் போகும் காட்டுப்பீயிலேயே நிறையப் பிலிருபின் அடைந்திருக்கிறது. பால் உள்ளே போனால்தான் அது வெளியே வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாக, விழுங்கத் தெரிந்ததும் பாலாடையில். அந்த நேரத்தில் விளக்கை அணைத்து, கண் பட்டையைக் கழற்றிக் குழந்தையை அம்மாவின் மார்பில் கிடத்துகிறார்கள். கண்ணோடு கண் பார்க்க அதுதான் சமயம். கண் சிவந்திருக்கிறதா, பட்டை வழுக்கி மூக்கை அடைக்கிறதா என்று செவிலியர் பார்ப்பதும் அப்போதுதான். பச்சையாக, தண்ணியாகப் போகும் மலத்தைக் கண்டு தாய்மார் பயப்படுவதுண்டு. சிகிச்சை வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது.

வார்டின் ஓரத்தில் மூடிய அறை ஒன்று. ரத்தமாற்று செய்யும் அறை. ஒளியை மீறிப் பிலிருபின் ஏறினால், தொப்புள் சிரை வழியாகக் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேறு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். ஒன்றரைக் கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 140 மில்லிதான். அதைப்போல் இரண்டு மடங்கு மாற்ற வேண்டும். அம்மாவுக்கு ஆர்.எச். நெகடிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ் என்ற பொருத்தமின்மையால் முன்பு இந்த அறைகள் ஓயாமல் இயங்கின. 1968இல் புழக்கத்துக்கு வந்த ஆன்டி-டி ஊசியும் ஒளி சிகிச்சையும் சேர்ந்து அந்தத் தேவையை வெகுவாகக் குறைத்துவிட்டன. "இந்த ரூம் பூட்டியே கிடக்கணும்னுதான் வேண்டிக்கிறோம்" என்றார் செவிலியர்.

இந்தக் கட்டத்தையும் தவறவிட்டால் நேர்வது கெர்னிக்டரஸ். பிலிருபின் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு மையங்களில் படிந்து அவற்றைக் கொன்றுவிடுகிறது. உயிர் பிழைத்த குழந்தைக்குக் கை கால்கள் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் மூளை முடக்குவாதம் வரும். காது கேட்காமல் போகும். விழி மேல்நோக்கித் திரும்பாது. வந்தபின் மாற்ற எந்த மருந்தும் கிடையாது. வராமல் தடுக்கவோ ஒரு நீல விளக்கும் ஓர் ஊசிக்குத்தும் போதும். அதனால்தான் ஒவ்வொரு கெர்னிக்டரஸும் தடுத்திருக்கக் கூடிய துயரமாக நெஞ்சில் தைக்கிறது.

வெளி நடையில் பாட்டிமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாங்கல்லாம் இளவெயில்ல காட்டித்தான் வளர்த்தோம். பெட்டிக்குள்ள எதுக்கு வைக்கிறாங்கன்னு தெரியல" என்றார் ஒருவர். அவரோடு உட்கார்ந்து பேசினேன். வெயிலில் அந்த நீலம் இருப்பது உண்மை. ராச்போர்டில் எல்லாம் வெயிலில்தான் தொடங்கியது என்பதும் உண்மை. ஆனால் வெயிலோடு புற ஊதாக் கதிரும் அனலும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றரைக் கிலோ உடம்பு ஒன்று கொதித்துப்போகும் அல்லது காற்றில் குளிர்ந்துபோகும். எவ்வளவு நீலம் பட்டது என்று அளக்க வழியில்லை. மின்சாரம் நிலையில்லாத நைஜீரியாவில் புற ஊதாவையும் அனலையும் வடிகட்டும் படலங்களைக் கூரையாகக் கட்டி, மருத்துவக் கண்காணிப்பில் வெயிலைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அங்கும் அளந்துதான் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் வெயில் காட்டுவதன் பெரிய கேடு பெரும்பாலும் வெயிலினால் வருவதில்லை. அதை நம்பிக் கழியும் இரண்டு நாளினால் வருகிறது.

பேச்சு வளர்ந்தது. சேனை வைக்கலாமா, கழுதைப் பால் புகட்டலாமா, தாய்க்கு மஞ்சள் சேர்க்காமல் பத்தியம் போடலாமா என்று கேட்டார்கள். மருத்துவர் வந்து நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். தாய் உண்ணும் மஞ்சளுக்கும் குழந்தையின் மஞ்சளுக்கும் தொடர்பில்லை. தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும். சேனையாக வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் பசியை அடக்கிப் பாலைக் குறைக்கும், காமாலையைக் கூட்டும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய சேலையில் பிள்ளையைச் சுற்ற வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் வாசனையே சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைத்துவிடும். பாட்டிமார்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய அக்கறையில் குறையே இல்லை. சரியான செய்தி சரியான நேரத்தில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நான் கிளம்பும் நேரத்தில் மூன்றாவது தொட்டில் குழந்தைக்கு விளக்கை நிறுத்தினார்கள். இரண்டு பரிசோதனைகளில் அளவு வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. நிறுத்தியதோடு முடியவில்லை. மறுநாள் மீண்டும் ரத்தம் பார்ப்பார்கள்; குறைமாதக் குழந்தைகளுக்கு அளவு மறுபடி ஏறுவது உண்டு. வீட்டுக்கு அனுப்பும் முன் காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இருக்கும் இந்தச் சின்னக் குழந்தைகளைவிட, வெளியே இருக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றித்தான் மருத்துவர் அதிகம் கவலைப்பட்டார். 35, 36 வாரத்தில் பிறப்பவர்கள். இரண்டரைக் கிலோ எடையோடு, பார்க்க நிறைமாதக் குழந்தையாகவே இருப்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல்லீரலோ குறைமாதக் கல்லீரல். சப்பிக் குடிக்கும் பலமும் குறைவு. காமாலை உச்சத்துக்கு வரும் நாலாம் ஐந்தாம் நாளில் வீட்டில் இருப்பார்கள். நன்றாகத் தூங்குகிறது என்று குடும்பம் நினைக்கும். பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும் பிள்ளையாக அது இருக்கக்கூடும்.

ஆகவே ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். 38 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும்போதே, மறுபரிசோதனைக்கு எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால் மஞ்சளித்தாலோ, பிள்ளை பால் மறுத்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ விடியும் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வார்டில் விளக்கு வாங்கித் தருகிற கொடையாளர்கள் கூடவே ஓர் ஒளி அளவுமானியும் வாங்கித் தரட்டும். அளவோடு, வேளையோடு கொடுத்தால், தொடாமலே ஒரு குழந்தையின் மூளையைக் காக்கும் மருந்து இது. அது வேலை செய்ய வேண்டுமானால் குழந்தை முதலில் அதன் கீழே வந்து சேர வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.